தேயிலையில் பால் கேட்ட டிக் அண்ணன்

ஒரு வேலையை இரண்டாம் தடவை செய்வதில்லை என்று சத்தியம் செய்துவிட்டுப் பிறந்தவர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் கேகாலையில், பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கும் எங்கள் சின்ன மென்பொருள் ஆபீசில் வந்து மாட்டிக்கொண்டார். பெயர் டிக் அண்ணன்.

தோட்டங்களுக்கு நிறுவை மென்பொருள் செய்வது எங்கள் பிழைப்பு. ஒரு தோட்டம் தேயிலை என்னும், இன்னொன்று ரப்பர் என்னும். ஒன்றுக்குத் தமிழ் வேண்டும், ஒன்றுக்குச் சிங்களம். நாங்களெல்லாம் பழையதை நகலெடுத்து அங்கங்கே வெட்டி ஒட்டுவோம். டிக் அண்ணனுக்கு அது மகாபாவம். எல்லாத் தோட்டங்களுக்கும் சேர்த்துப் பெட்டி பெட்டியாக ஒரே படம் வரைந்து வைத்திருந்தார். வேண்டிய பெட்டியில் டிக் போட்டுப் பொத்தானை அமுக்கினால், அந்தத் தோட்டத்துக்கான மென்பொருளைப் படமே எழுதிவிடும்.

மனுஷன் அதோடு நின்றாரா? ஆபீஸ் டீக்கும் ஒரு படம் வரைந்து பேக்கரிக்கு அனுப்பினார். சீனி, இஞ்சி, பால். பால் என்றால் இஞ்சி கூடாது. பேக்கரிக்காரர் "மேக்க மொகக்த?" (இது என்ன?) என்று சிங்களத்தில் கேட்டு, அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் பாலில்லாத பிளேன்டீயே அனுப்பினார். பெண் பார்க்கப் போன வீட்டில் "வடையா, கேசரியா?" என்றார்களாம். "ரெண்டுல ஒண்ணுதான்னு விதியா, இல்ல ரெண்டும் எடுக்கலாமா?" என்று இவர் விளக்கம் கேட்டார். அந்தச் சம்பந்தம் அத்தோடு சரி.

புளத்கொகுபிட்டியப் பக்கம் ஒரு தோட்டத்தில் எங்கள் மென்பொருளில் முதல் நாள் நிறுவை. "இன்னைக்கு ஏதாச்சும் பிசகுச்சு, நாளைக்கு ஆபீஸ் பக்கம் வராதீங்க" என்று சொல்லித்தான் முதலாளி அவரை வேனில் ஏற்றினார். முதலாளியோடு நானும் கூடப் போனேன்.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் செல்வியக்கா என்ற தொழிலாளி தன் மூட்டையை இறக்கினார். காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு, பிறகு கொழுந்துக்கு இறங்கியவர். அந்தத் தோட்டத்தில் பாதிப்பேர் அப்படித்தான். படத்திலோ ரப்பர், தேயிலை இரண்டில் ஒன்றுதான். நிறுவையைப் பதியும் டேப்லெட் பளிச்சென்று சொன்னது: "அப்படி ஒரு ஆள் இல்லை."

"ஆள் இல்லையா? அப்ப மூட்டையத் தூக்கிட்டு வந்தது பேயா?" என்று செல்வியக்கா இடுப்பில் கை வைத்தார். "நான் பறிச்சது ஏறலேன்னா ஒருத்தரையும் சும்மா விடமாட்டேன், சொல்லிட்டேன்!"

முதலாளிக்கு வியர்த்துவிட்டது. "ஒரு வரிதானேய்யா! கோட்ல கையை வச்சு மாத்தித் தொலைங்க!"

"அது படம் பெத்த பிள்ளைங்க. கையால மூக்கைத் திருகக்கூடாது. படத்தைத்தான் திருத்தணும்."

சொல்லிவிட்டு டிக் அண்ணன் மூட்டை மேலேயே உட்கார்ந்து, "இரண்டில் ஒன்று" என்பதை "இரண்டும்" என்று மாற்றி அமுக்கினார். செல்வியக்காவின் பெயர் டேப்லெட்டில் ஏறியது. மடுவமே கைதட்டியது. முதலாளியும் சிரித்துவிட்டார்.

அப்போது முதலாளியின் போன் அடித்தது. தேயிலை மட்டுமே உள்ள அரநாயக்கத் தோட்டத்து ஐயா. "அனே, ஒங்க மெஷின் இங்க எல்லார்கிட்டயும் எத்தன லீட்டர் ரப்பர்ப்பால்னு கேக்குது! சொல்லாட்டி கொழுந்து நிறுக்க விடமாட்டேங்குது!"

டிக் அண்ணன் எல்லாத் தோட்டங்களுக்கும் சேர்த்து ஒரே அமுக்காக அமுக்கியிருக்கிறார்.

"நாளையிலருந்து வராதீங்க!" என்று முதலாளி கத்தினார்.

"வராம எப்படிங்க? அரநாயக்கவை யாரு சரி பண்றது?"

மறுநாள் வந்தார். சரி பண்ணினார். அதற்கு மறுநாளும் வந்தார். முதலாளி அடுத்த தோட்டத்து வேலையை அவரிடம் நீட்டினார்.

போன மாதம் அவருக்குக் காய்ச்சல். "எங்க அந்தப் பைத்தியம்?" என்று முதலாளி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் ஆபீசைப் பூட்டிவிட்டு, கஷாயத்துக்குக் கொத்தமல்லி வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் அவர் வீட்டுக்கே போய்விட்டோம். அவர் இல்லாமல் எங்களுக்கு வேலையே ஓடவில்லை.