பால்காய்ச்சி அண்ணாச்சியும் நான் வாங்காத வீடும்

பாளையங்கோட்டையில் இன்றைக்கு வாடகை வீட்டில் குடியிருப்பவர்களில் பாதிப் பேர் பால்காய்ச்சி அண்ணாச்சியால் கெட்டவர்கள். மீதிப் பேர் அவரை இன்னும் சந்திக்காதவர்கள். நான் முதல் பாதியில் முன்வரிசை.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ரேஷன் கார்டோடு சரி. ஏதோ ஒரு ஆபீஸில் தபால் பிரித்துப் பிரித்தே ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பத்தொன்பது வாடகை வீடு மாறியவர். ஒவ்வொரு வீட்டுக்கும் நல்ல நேரம் பார்த்து, பித்தளைச் செம்புக்கு மஞ்சள் கட்டி, பால் காய்ச்சி, தெருவுக்கே ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் பாய் விரிப்பார். வாடகை வீட்டுக்கு எதற்கு இந்த ஆர்ப்பாட்டம் என்று கேட்டால், "வீடு அவனுதுவே. பாலு என்னுதுல்லா?" என்பார்.

நாங்களும் அவரும் ஒரே வளவில் இருந்தோம். ஒரே வாசலுக்குள் ஆறு குடித்தனம். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். நான் இருமினால் அவர் அங்கிருந்தே சுக்கு போடச் சொல்வார். பதினோரு வருஷமாக அந்தச் சுவர் வழியாக எனக்கு ஒரே உபதேசம்தான்.

"சொந்த வீடு வாங்கினவன் என்னவே செய்யுதான்? காலம்பூரா மோட்டாரைப் பாக்கான், ஒழுகுத மாடியைப் பாக்கான். எனக்கு ஒழுகிச்சுன்னா ஓனருக்குப் போனைப் போட்டுத் திட்டுதேன். இதுல யாரு முதலாளி?"

உபதேசத்தோடு நின்றிருந்தால் ஊர் பிழைத்திருக்கும். யார் வீடு பார்க்கப் போனாலும் பைக்கின் பின்சீட்டில் ஏறிக்கொள்வார். மடியில் ஒரு மஞ்சள் பை. உள்ளே பித்தளைச் செம்பு, அரை லிட்டர் பால் பாக்கெட், ஒற்றை பர்னர் வைத்த குட்டி கேஸ் அடுப்பு, தீப்பெட்டி. வாங்கப்போகும் வீட்டின் அடுக்களைத் தரையில் அடுப்பை வைத்துப் பாலைப் பொங்க விடுவார். கிழக்கே வழிந்தால் வாங்கலாம். தெற்கே வழிந்தால் தரை சரிவு, மழைத் தண்ணீர் உள்ளே வரும், திசையும் எமனுடையது. பாதி இன்ஜினியரிங், பாதி ஜோசியம். அதனால் இன்ஜினியராலும் பதில் சொல்ல முடியாது, ஜோசியராலும் முடியாது.

மகாராஜநகரில் ஒரு டீச்சர், தான் வாங்க ஒரு வீட்டைப் பேசி முடிக்கும் நிலையில் இவரை அழைத்துப் போனார். பால் அழகாகக் கிழக்கே வழிந்தது. ஆனால் விற்கிறவரின் மனைவி அடுக்களை வாசலில் நின்று அழ ஆரம்பித்துவிட்டாள். "ஏங்க, என் அடுக்களையில வேத்து மனுசன் பால் காய்ச்சிட்டாரே, இனி நாம வெளிய போயிரணுமா?" அன்றைக்கே விற்கும் யோசனையைக் கைவிட்டார்கள். டீச்சர் இன்னும் வாடகையில்தான் இருக்கிறார்.

புதிதாகக் கட்டிய அடுக்குமாடி ஒன்றில் காற்றோட்டம் பார்க்கிறேன் என்று மத்தியானம் ஹாலில் துண்டை விரித்துப் படுத்தவர், குறட்டை விட்டுத் தூங்கிவிட்டார். பில்டர் அடுத்த பார்ட்டியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மா இவரைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, "இவரும் வீட்டோட சேர்த்தியா?" என்று கேட்டாள். வீட்டு புரோக்கர் ஒருத்தர் டவுன் பஸ்ஸில் அந்த மஞ்சள் பையைப் பார்த்ததும் வண்ணாரப்பேட்டையிலேயே இறங்கி நடந்து போனதை நான் கண்ணால் பார்த்தேன்.

இப்படிப்பட்ட மனிதரிடம் நானும் ஏமாந்தேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

வளவை யாரோ துணிக்கடை கட்ட விலைக்கு வாங்கினார்கள். ஆறு மாதத்தில் எல்லோரும் காலி செய்ய வேண்டும். என் மனைவி அன்றே சொல்லிவிட்டாள். "போதும். ஒரு ஆணி அடிக்கக்கூட பதினோரு வருசமா ஓனர் மூஞ்சியைப் பாத்துட்டு நிக்கேன். இனி என் சுவத்துல நான் அடிப்பேன்." பெருமாள்புரம் தாண்டி ஒரு வீடு பார்த்தோம். கீழும் மாடியுமாக, குழாயில் ஆற்றுத் தண்ணீர் வருகிற வீடு. வங்கியும் தலையாட்டிவிட்டது. காலண்டருக்கு எந்த இடத்தில் ஆணி என்பதைக்கூட அவள் விரலால் தொட்டுக் காட்டியிருந்தாள்.

அண்ணாச்சியிடம் மூச்சு விடக்கூடாது என்று முடிவு செய்து, கடைசியாக ஒருமுறை பார்த்துவர ஞாயிற்றுக்கிழமை போனோம். கேட் வாசலில் மஞ்சள் பையோடு நின்றுகொண்டிருந்தார். ஒற்றைச் செங்கல் சுவரை மறந்தது என் தப்பு.

பால் பொங்கியது. மொத்தமும் தெற்கே வழிந்தது.

"பாத்தீரா? வேண்டாம்வே" என்றார், குரலில் துக்கம் வைத்து.

"வழிஞ்சா துடைச்சாப் போச்சு" என்றாள் மனைவி. எனக்கு அந்தச் சாஸ்திரத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அதை மீறுகிற தைரியமும் கிடையாது. பயந்தாங்கொள்ளிகள் எல்லோரையும்போல, "யோசிப்போம்" என்றேன். யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், துபாயில் கடை வைத்திருக்கும் மேலப்பாளையத்துக்காரர் ஒருவர் வாங்கிவிட்டார். மனைவி என்னோடு பேசுவதை நிறுத்தினாள். பிறகு பேசினாள். நிறுத்தியதே நன்றாக இருந்தது.

காலி செய்யப் பத்து நாள் இருக்கும்போது அண்ணாச்சி முகமெல்லாம் பல்லாக வந்தார். "வீடு கிடைச்சிட்டுவே. கீழ எனக்கு, மாடி உமக்கு. பேசி முடிச்சிட்டேன்."

எந்த வீடு என்று கேட்டேன். அதே வீடு.

வேறு வழியில்லாமல் போனோம். என் சொந்த வீடாக இருந்திருக்க வேண்டிய வீட்டுக்கு வாடகைக்குப் போன ஒரே மடையன் இந்த ஜில்லாவில் நானாகத்தான் இருப்பேன். கீழே அண்ணாச்சி பால் காய்ச்சினார். அதே செம்பு, அதே அடுப்பு, அதே தரை. பால் கிழக்கே வழிந்தது.

மனைவி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அன்னைக்குத் தெற்க வழிஞ்ச பாலு இன்னைக்கு எப்படி அண்ணாச்சி கிழக்க போவுது?"

அவர் தரையை ரொம்ப நேரம் துடைத்தார். "அன்னைக்கு அடுப்புக்கு அடியில ஒரு பக்கமா தீப்பெட்டி இருந்துதும்மா."

"யாரு வச்சா?"

"நான்தான்."

என்னிடம் இருந்த வசவுகளை எல்லாம் ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் கொட்டினேன். குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் சொன்னார். "தனிக்கட்டைக்கு, அதுவும் இந்த வயசுல, எவன்வே வீடு கொடுக்கான்? ஏழு இடத்துல கேட்டேன். குடும்பம் உண்டாங்கான். மாடிக்கு என் தம்பி குடும்பம் வருதுன்னு உம்மைச் சொன்ன பெறவுதான் இந்த ஓனரு சாவியைத் தந்தாரு. நீரு வீட்டை வாங்கிட்டுப் போயிட்டா நான் எங்கன போவேன்?"

"நான் வாங்க இருந்த வீட்டுல கீழ் போர்ஷனை என்கிட்டயே கேட்டிருக்கலாமே அண்ணாச்சி?"

"நீரு ஓனராயிட்டா உம்மையும் நான் திட்டணும்லா" என்றார்.

மனைவி விறுவிறுவென்று மாடியேறிப் போய்விட்டாள். இரண்டு மாதம் அவருக்குக் காபி கிடையாது. அந்த இரண்டு மாதமும் அவர் துபாய்க்குப் போன் போட்டுப் போட்டு, மாடியில் எத்தனை ஆணி வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம் என்று ஓனரிடம் அனுமதி வாங்கினார். ஓனர் சொன்னதை வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக வாங்கி வைத்துக்கொண்டு, மாடிப்படியில் நின்று சத்தமாக ஓட விட்டார். அன்று சாயங்காலம் காபி கீழே போனது.

இப்போது துபாய்க்காரர் ஒரேயடியாக ஊருக்குத் திரும்புகிறார். மறுபடியும் காலி செய்ய வேண்டும். இந்தத் தடவை வாங்கியே தீருவது என்று மனைவி என்.ஜி.ஓ. காலனியில் ஒரு வீடு பார்த்திருக்கிறாள். நாளைக்கு மூன்று பேருமாகப் போகிறோம். பால் பாக்கெட்டை அவளே வாங்கி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டாள்.

"அடுப்புக்கு அடியில கையை விட்டுப் பாத்துரணும்" என்றேன்.

"அதெல்லாம் வேண்டாம்" என்றாள். "கீழ தனி வாசல் வச்சு ஒரு ரூம் இருக்கு, அது அவருக்குன்னு போனதும் சொல்லிருங்க. பாலு தன்னால கிழக்க வழியும்."