இருபத்து நாலில் ஒரு பங்கு

பின் கண்ணாடி வெளுத்துப்போயிருந்தது.

பல் மருத்துவர் அதை விளக்கடியில் வைத்துப் பார்த்தார், ஜன்னலோரம் வைத்துப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தார். வெளுப்பு வெளுப்பாகவே இருந்தது. நொடியில் ஒட்டும் பசையைத் தொட்டு வைத்துவிட்டு, தூசி படக் கூடாதென்று குட்டிக் காரின் மேல் ஒரு டப்பாவைக் கவிழ்த்திருந்தார். பசையின் ஆவி வெளியே போக வழியில்லாமல் கண்ணாடி முழுக்கப் படிந்துவிட்டது. முதல் முறை மாடல் கார் கட்டுகிறவன் செய்கிற தப்பு இது. இவர் இருபது வருஷமாகக் கட்டுகிறவர்.

பல்லுக்கு மெருகேற்றும் பசையைத் தடவித் தேய்த்தார். வெளுப்பு போகவில்லை. நடுவில் வட்ட வட்டமாகக் கீறல்கள் மட்டும் புதிதாக வந்தன.

வேறு கண்ணாடி கேட்டுக் கம்பெனிக்கு எழுதினால், அந்தக் காரின் பாகங்கள் அடங்கிய பெட்டிகளை விற்பதை நிறுத்தி ஆறு வருஷமாகிறது என்று மரியாதையாகப் பதில் வந்தது. போட்டிக்கோ மூன்றே வாரம்.

அது லேசுப்பட்ட போட்டியில்லை. வீட்டில் இருக்கிற காரை அப்படியே இருபத்து நாலில் ஒரு பங்காகச் செய்ய வேண்டும். போட்டி அன்றைக்கு நிஜக் காரையும் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்த வேண்டும். இரண்டுக்கும் உள்ள ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் ஒரு மதிப்பெண் போகும். ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர் மூன்று வருஷமாக முதல் பரிசைத் தட்டிக்கொண்டு போகிறார் என்று கேள்வி. மருத்துவர் இந்தப் பிரிவில் இறங்குவது இதுதான் முதல் முறை. மற்றப் பிரிவுகளில் இருபது வருஷம் உழைத்து அவர் சம்பாதித்தது இருபது பங்கேற்புச் சான்றிதழ்கள்.

இந்த முறை பரிசு வராவிட்டால் அறை போய்விடும். அவர் கார் கட்டுகிற பின்னறைமேல் மனைவிக்கு வெகுநாளாகக் கண். அவள் பள்ளியில் கணக்கு டீச்சர். சாயங்காலம் டியூஷனுக்கு வரும் பிள்ளைகள் கூடம் நிரம்பிச் சமையலறை வரை உட்கார்ந்திருந்தார்கள்.

"இருபது வருஷம் கொடுத்தாச்சு. முதல் பரிசு வந்தா அறை உங்களுக்கு. இல்லேன்னா கரும்பலகைக்கு" என்று சொல்லிவிட்டாள். கணக்கு டீச்சர் போட்ட விடையை அழிக்க யாரால் முடியும்.

மருத்துவர் விதிமுறைத் தாளை எடுத்து நாலு தடவை படித்தார். மாடலும் காரும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்றுதான் போட்டிருந்தது. எதைப் பார்த்து எதை மாற்றுவது என்று எங்கேயும் போடவில்லை.

அன்றைக்கே குளியலறை ஜன்னலுக்கு ஒட்டுகிற வெள்ளைத் தாளை வாங்கிவந்து நிஜக் காரின் பின் கண்ணாடியில் ஒட்டினார். உப்புத்தாளால் வட்ட வட்டமாகத் தேய்த்தும் விட்டார். மனைவி கேட்டபோது, வெயிலுக்கு நல்லது என்றார். பின்னால் ஒன்றும் தெரியவில்லையே என்றதற்கு, நீ முன்னால் பார்த்து ஓட்டு என்றார்.

மறுநாள் காலையில் அவள் காரைப் பின்னால் எடுத்து கேட் தூணில் மோதினாள். பம்பரின் இடது பக்கம் நன்றாக உள்வாங்கிவிட்டது. திட்டு வாங்கத் தயாராக இறங்கி நின்றவளிடம் அவர் அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னார்.

"நாற்பத்தெட்டு சென்டிமீட்டர்" என்றார் பரவசமாக. "இருபத்து நாலால வகுத்தா சரியா ரெண்டு."

"உங்களுக்கு என் மேல கோபம் இல்லையா?"

"மிச்சமே வரலையே, கோபம் எதுக்கு?"

கிளினிக்கில் மெழுகு உருக்குகிற சின்ன விளக்கில் குட்டி பம்பரைக் காட்டி வளைத்தார். நசுங்கல் அச்சு அசலாக வந்தது. ஆனால் சூடு பம்பரோடு நிற்காமல் உள்ளே போய், குட்டிக் காரின் பின்பக்கம் மூன்று மில்லிமீட்டர் இறங்கி உட்கார்ந்துவிட்டது. அவர் மாலை வரை இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்துபோய் மணல் மூட்டை வாங்கிவந்தார்.

நிஜக் காரின் டிக்கியில் நாலு மூட்டை போட்டதும் பின்பக்கம் ஏழு சென்டிமீட்டர் இறங்கியது. அவர் கையைத் தட்டிக்கொண்டு டிக்கியை மூடும்போது பின்னால் மனைவி நின்றிருந்தாள். அவர் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அவள் நாடாவை வாங்கிக் குனிந்து அளந்தாள். "மூணு மில்லிமீட்டர்னா ஏழு புள்ளி ரெண்டு வரணும். ஏழு தப்பு" என்றாள். உள்ளே போய்ப் பழைய விடைத்தாள் கட்டுகளைக் கொண்டுவந்து மூட்டைகளின் மேல் அடுக்கினாள்.

அத்தனை பாரத்தோடு பள்ளி வாசல் வேகத்தடையில் ஏறி இறங்கியபோது சைலன்சர் கழன்று விழுந்தது. அவள் அதைச் செய்தித்தாளில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கார் தெருமுனையில் திரும்பும்போதே அக்கம்பக்கத்தார் காதைப் பொத்திக்கொண்டார்கள். மெக்கானிக்கிடம் போகலாமா என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மறுநாள் கிளினிக்கில் குட்டிக் காரின் சைலன்சரை அறுத்தெடுத்தார். பிளாஸ்டிக் தூள் சிதறியதால், நோயாளியின் வாயில் எச்சில் உறிஞ்சிக்கொண்டிருந்த குழாயை எடுத்து மேஜையைச் சுத்தம் செய்தார். குழாய் தூளோடு, பின்னால் வருவதைப் பார்க்கிற வலது பக்கக் கண்ணாடியையும் உறிஞ்சிவிட்டது. வாயைத் திறந்தபடி இருந்த நோயாளி அதைக் கவனித்தும் சொல்ல முடியவில்லை. அன்று மாலையே நிஜக் காரின் வலது கண்ணாடி ஸ்குரூ டிரைவரால் கழற்றப்பட்டது.

இப்போது மனைவிக்குப் பின்னாலும் தெரியவில்லை, வலப்புறமும் தெரியவில்லை. பள்ளிச் சுவரை உரசியதில் ஓட்டுநர் பக்கக் கதவு இறுகி, திறக்க மறுத்தது. அவள் மறுபக்கத்துக் கதவு வழியாக ஏறி, இருக்கை தாண்டி நகர்ந்து ஸ்டியரிங்கைப் பிடிக்கப் பழகிக்கொண்டாள். குட்டிக் காரின் அந்தக் கதவு திறந்து மூடும்படி அவர் ஒரு மாதம் உழைத்திருந்தார். அதைப் பசை போட்டு மூடும்போது அவருக்கு நிஜமாகவே அழுகை வந்தது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கீறல்களை எண்ணிச் சொன்னாள். சுவரில் பட்டது பதினாறு, அவர் வரைந்தது பதினைந்து. வரைய வைத்துவிட்டுத்தான் எழுந்தாள். டியூஷனுக்கு அறை கிடைக்காமல் போனால் போகட்டும் என்று அவளுக்கே தோன்ற ஆரம்பித்திருந்தது.

போட்டி நாளன்று அவள் காரை ஓட்ட, அவர் மாடலை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தார். மைதானம் வந்து சேர்வதற்குள் இருவருக்கும் உயிர் போய் வந்தது. ஆனால் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

சற்று நேரத்தில் சர்வேயரின் கார் லாரியில் கயிறு கட்டி இழுத்து வரப்பட்டது. சக்கரங்கள் ஆளுக்கொரு திசையில் திரும்பியிருந்தன.

"பாவம், இன்னிக்குன்னு பார்த்து வண்டி காலை வாரிடுச்சு" என்று மருத்துவர் மனமார இரக்கப்பட்டார்.

நடுவர் ஒரு வயதான அம்மாள். பூதக்கண்ணாடியும் அளவு நாடாவுமாக வந்தார். வெளுப்பைப் பார்த்தார், நசுங்கலை அளந்தார், தரையில் படுத்துப் பின்பக்கச் சரிவைக் குறித்துக்கொண்டார், பதினாறு கீறல்களையும் விரல் விட்டு எண்ணினார். முக்கால் மணி நேரம் கழித்து, தலையை ஆட்டிக்கொண்டு சர்வேயரின் காரிடம் போனார். மருத்துவரும் மனைவியும் ஒருவர் கையை ஒருவர் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

ஒலிபெருக்கியில் முடிவு வந்தது. முதல் பரிசு, நாலாவது வருஷமாக, சர்வேயர். ஒரே ஒரு மதிப்பெண் வித்தியாசத்தில் மருத்துவர் இரண்டாமிடம்.

அவருக்கு அறை போனதைவிட, எங்கே கோட்டைவிட்டோம் என்று தெரியாததுதான் தாங்கவில்லை. மனைவி விறுவிறுவென்று நடுவரிடம் போய், ஒரு மில்லிமீட்டர்கூடத் தப்பில்லாமல் கணக்குப் போட்டது நான், எந்த இடத்தில் மார்க் குறைத்தீர்கள் என்று கேட்டாள்.

நடுவர் அம்மாள் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு வருத்தத்தோடு சொன்னார்:

"உங்க மாடல் ஓடாது, கார் ஓடுது. அவரோடது ரெண்டுமே ஓடாதும்மா."