பேட்டரி ஸ்கூட்டருக்கு ஒரு தர்ணா

காலை ஒன்பது மணிக்கு அல்சூரில் கிளம்பி, பதினோரு மணிக்குள் அடுகோடி போய்ச் சேர வேண்டும். அன்றைக்கு எனக்கு இருந்த வேலை அவ்வளவுதான்.

அடுகோடியில் ஒரு சின்னத் தையல் கம்பெனி. அங்கே ஒன்பது பெண்கள் சட்டை தைக்கிறார்கள். கழிப்பறைக்குப் பூட்டு. சாவி மேஸ்திரியின் இடுப்பில். அவசரம் என்றால் அந்த ஆளிடம் போய் நின்று கேட்க வேண்டும். அவர் கடிகாரத்தைப் பார்ப்பார், இவர்கள் முகத்தைப் பார்ப்பார், பிறகு மெதுவாகச் சாவியை எடுப்பார்.

இரண்டு நாளாக ஒன்பது பேரும் மெஷினைத் தொடவில்லை. முதலாளி பேச்சுவார்த்தைக்கு நேரம் கொடுத்திருந்தார். பதினோரு மணி. அதைத் தாண்டினால் மறுநாள் புது ஆட்கள் வந்துவிடுவார்கள்.

அவர்களுக்காகப் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

தோழர்களே, என்னை யாரும் எதற்கும் கூப்பிட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. ஒரு காலத்தில் நான் கேட் முன்னால் நின்று கையைத் தூக்கினால் இரண்டு ஷிப்டும் நிற்கும். இப்போது இந்த ஊரில் எல்லோரும் கண்ணாடிக் கட்டடங்களுக்குள் போய்விட்டார்கள். கழுத்தில் அட்டை தொங்குகிறது, மத்தியானம் பீட்சா வருகிறது, சங்கம் எதற்கு? ஆகவே அடுகோடிப் பெண்களின் அழைப்பை நான் வரலாற்றின் அழைப்பாகவே எடுத்துக்கொண்டேன். முதல் நாளே துண்டறிக்கை எழுதி அச்சடித்தும் விட்டேன். நான்கு பக்கம்.

வண்டிச் சாவியைத் திருப்பினேன்.

ஒன்றும் இல்லை.

மறுபடி திருப்பினேன். விளக்கு இல்லை, ஹாரன் இல்லை, பேட்டரி முள் அசையவில்லை. ராத்திரி முழுக்க சார்ஜ் ஏறிய வண்டி! பெரிய பதவிக்குப் போன பழைய தோழர் போல, முகத்தில் அடையாளம் தெரிந்த குறியே இல்லை.

என் வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது மின்சார ஸ்கூட்டர். பெட்ரோல் விலை ஏறிய ஒரு நாளில், தெருமுனைக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "இனி ஒரு சொட்டுப் பெட்ரோல்கூட என் பொருட்டு எரியாது" என்று அறிவித்துவிட்டேன். கேட்டவர்கள் பதினான்கு பேர். அதில் இரண்டு பேர் மப்டி போலீஸ். இருந்தாலும் சொன்ன சொல், சொன்ன சொல். அடுத்த வாரமே இதை வாங்கினேன். லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம். அரசாங்கத்தின் அனுமதி இல்லாமல் ஓடுகிற ஒரே வாகனம் என்பதால் அதன் மேல் எனக்குத் தனி மரியாதை. வேகம் இருபத்தைந்து. மூச்சுப் பிடித்து மிதித்தால் சைக்கிள்காரன் முந்திவிடுவான்.

என் மனைவி கனகவல்லி காய்கறிப் பையோடு வாசலில் வந்து நின்றாள்.

"ஏங்க, கெளம்பலையா?"

"வண்டி கெளம்பல."

"பஸ்ல போயிடுங்களேன். பாவம், அந்தப் பொண்ணுங்க காத்துட்டிருக்கும்."

"பஸ் டீசல்ல ஓடுது."

"நீங்க பெட்ரோல்னுதானே சொன்னீங்க?"

"டீசல் பெட்ரோலோட தம்பி."

அவள் பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள். முப்பத்தி நான்கு வருட இல்லற வாழ்க்கையில் அவள் கற்றுக்கொண்ட போராட்ட வடிவம் அது.

மாடியில் குடியிருக்கும் பிரபாகரன் இறங்கி வந்தான். திருநெல்வேலிப் பையன், சாப்ட்வேர் கம்பெனி வேலை.

"என்ன அங்கிள், வண்டி மக்கர் பண்ணுதா? சீட்டத் தெறந்து பாத்தீயளா? உள்ளதான் கனெக்‌ஷன் எல்லாம் இருக்கும்."

"நான் எதுக்குத் தெறக்கணும்?"

அவன் விழித்தான். நான் விளக்கினேன். வண்டியைச் செய்தது கம்பெனி. விற்றது கம்பெனி. கோளாறு என்றால் பொறுப்பு யாருக்கு? வாங்கியவனே திறந்து, வாங்கியவனே சரிசெய்துகொண்டால் முதலாளி எதற்கு? பழுதை நாமே சரிசெய்வது என்பது சமரசத்தின் முதல் படி. நாம் செய்ய வேண்டியது முறையிடுவது. முறையீட்டுக்குப் பதில் இல்லையென்றால் போராடுவது.

"ரெண்டு நிமிசந்தான் ஆகும், அங்கிள்."

"உங்க தலைமுறைக்கு எல்லாமே ரெண்டு நிமிஷம்!"

இந்த உரையாடல் பன்னிரண்டு நிமிடம் நடந்தது. கடைசியில் அவன், "எனக்குக் கேப் வந்துட்டு அங்கிள்" என்று ஓடினான். தெருவில் எந்தக் காரும் வரவில்லை.

வண்டி வாங்கிய ஷோரூம் பிரேசர் டவுனில். தள்ளிக்கொண்டே கிளம்பினேன். காகிதத்தில் அது இலகு ரக வாகனம். தள்ளிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே இருப்பவை நான்கு ஈய பேட்டரிகள். ஒவ்வொன்றும் ஒரு அம்மிக்கல்.

பாதி வழியில் ஓர் ஆட்டோ பக்கத்தில் மெதுவாக வந்தது.

"இன்னா சார், பெட்ரோல் ஆயிப்போச்சா?"

"இது பெட்ரோல் வண்டி இல்ல."

"அப்ப இன்னாத்துக்குத் தள்றீங்கோ? ஏறுங்க சார், வண்டிய அப்புறமா பாத்துக்கலாம்."

"பெட்ரோல்ல ஓடற எதுலயும் நான் ஏறமாட்டேன்."

"நம்பள்து கேஸ்ல ஓடற ஆட்டோ சார்!"

ஒரு கணம் தடுமாறினேன். மறைக்க மாட்டேன். சட்டையெல்லாம் வேர்வை, மணி பத்து ஆகப் போகிறது, அடுகோடியில் ஒன்பது பேர் காத்திருக்கிறார்கள்.

"கேஸும் அதே குடும்பந்தான்" என்றேன்.

"நல்லாக் கண்டுபிடிச்சீங்க உறவு!" என்று சொல்லிவிட்டு அவர் போகவில்லை. கூடவே ஓட்டிக்கொண்டு வந்தார். பெயர் நாகராஜ். இந்த ஆள் எங்கே போய் முடிகிறார் என்று பார்க்க ஆசை என்று பிறகு என்னிடமே சொன்னார்.

ஷோரூமில் குளிர்சாதனம். மேஜைக்குப் பின்னால் ஒரு பெண், தலை நிமிராமல் கேட்டாள்.

"சீட் ஓப்பன் மாடி நோடித்ரா சார்?"

இவளும்! சீட்டைத் திறந்து பார்த்தேனாம்! பிரபாகரன் சொன்ன அதே வாக்கியம், கன்னடத்தில். ஊர் முழுக்க ஒரே சுற்றறிக்கை போயிருக்கிறது என்று அப்போதே புரிந்துகொண்டேன். எனக்குத் தெரிந்த கன்னடத்தில் சொன்னேன்: திறக்கவில்லை, திறக்கப் போவதும் இல்லை.

"டோக்கன் தகோளி சார். மெக்கானிக் பர்த்தாரே" என்று, மெக்கானிக் வருவார் எனச் சொல்லி, ஒரு துண்டுச் சீட்டை நீட்டினாள். எண் பதினேழு.

"இப்ப எத்தனாவது நம்பர் நடக்குது?"

"மூறு."

மூன்று! நிர்வாகத்துக்கு எதிராகப் பதினோரு நாள் உண்ணாவிரதம் இருந்தவன் நான். என் கையில் பதினேழாம் நம்பர் டோக்கன்.

வெளியே வந்தேன். வண்டியை ஷோரூம் வாசலுக்குக் குறுக்கே நிறுத்தினேன். கையிலிருந்த செய்தித்தாளைப் படியில் விரித்தேன். உட்கார்ந்தேன்.

உடம்புக்கு என்ன ஒரு நிம்மதி! முட்டி வலி போயிற்று. முதுகு தானாக நிமிர்ந்தது. வாய் தானாகத் திறந்தது.

"தரமற்ற வண்டியை விற்ற நிர்வாகமே! பதில் சொல்!"

நாகராஜ் ஆட்டோவை ஓரம் கட்டினார். "ஒத்த ஆளு கத்துனா எட்டாது சார்" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கையைத் தூக்கி, "பேக்கே பேக்கு! நியாய பேக்கு!" என்று ஆரம்பித்தார். நியாயம் வேண்டும் என்பதைக் கன்னடத்தில் அடிவயிற்றிலிருந்து கத்தினால் இந்த ஊரில் ஆள் சேராமல் இருக்காது. ஐந்து நிமிடத்தில் இன்னும் நான்கு ஆட்டோ. இளநீர் வண்டிக்காரர் ஒருவர் வெட்டுகிற கத்தியோடு வந்துவிட்டார். அதைக் கீழே வைக்கச் சொல்லி நான் கெஞ்ச வேண்டியிருந்தது.

கோரிக்கை மனு எழுதினேன். முதல் கோரிக்கை, வண்டியை உடனே சரிசெய்ய வேண்டும். இரண்டாவது, எழுத்துப்பூர்வமான வருத்தம். அதற்குள் நாகராஜ், "ஷோரூம் முன்னாடி ஆட்டோ நிறுத்த வுடமாட்றாங்க, அதயும் சேருங்க சார்" என்றார். சேர்த்தேன். இளநீர்க்காரர் தன் வண்டிக்கு நிழல் கேட்டார். சேர்த்தேன். யாரோ ஓர் அம்மாள் தன் தெருவில் மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை என்றார். ஸ்கூட்டர் ஷோரூமுக்கும் குடிநீருக்கும் என்ன தொடர்பு என்று கேட்பது மக்களின் வாழ்நிலை புரியாதவர் பேச்சு. சேர்த்தேன்.

மானேஜர் காபியோடு வந்தார். சின்ன வயது, டை கட்டியிருந்தார்.

"பெரியவரே, வெயில்ல எதுக்கு? உள்ள வாங்க. பாஷா, சாருக்கு மொதல்ல சீட்டத் தெறந்து பாரு."

மெக்கானிக் பாஷா கையைத் துடைத்தபடி வந்தார். "சாவி குடுங்க சார், ரெண்டே நிமிசம்."

"எழுத்துல வருத்தம் தெரிவிக்காம இந்த வண்டி மேல ஒரு கை படக்கூடாது!"

கூட்டம் கைதட்டியது. மானேஜர் வாசலைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் கம்பெனி முத்திரையோடு ஒரு தாள். "தங்கள் வாகனத்தில் ஏற்பட்ட கோளாறுக்கு மனமார வருந்துகிறோம்." கையெழுத்து, சீல் எல்லாம் இருந்தது.

தோழர்களே, முப்பத்தெட்டு வருடப் போராட்ட வாழ்க்கையில் எந்த நிர்வாகமும் எனக்கு ஒரு வரி எழுதித் தந்ததில்லை. சஸ்பென்ஷன் உத்தரவைத் தவிர. கண் கலங்கிவிட்டது. சாவியைப் பாஷாவிடம் கொடுத்தேன்.

பாஷா சீட்டைத் தூக்கினார். உள்ளே பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி உள்ளே பார்த்தார்.

"இதென்னா சார், இவ்ளோ காய்தம்?"

என் துண்டறிக்கை. இருநூறு பிரதி. முந்தின நாள் மாலை நானே சீட்டுக்கு அடியில் திணித்து, மூட மறுத்த சீட்டை மேலே ஏறி உட்கார்ந்து மூடியிருந்தேன். அங்கே ஒரு சின்னக் கறுப்புச் சுவிட்ச் இருக்கிறது. வீட்டு மீட்டர் போர்டில் இருக்குமே, அதே மாதிரி. அதைக் கீழே தள்ளினால் சார்ஜ் மட்டும் ஏறும், மொத்த வண்டிக்கும் கரண்ட் நின்றுவிடும். என் எழுத்துக்களின் கனத்தில் அது கீழே போயிருந்தது.

பாஷா காகிதக் கட்டை வெளியே எடுத்து, மேலே இருந்த வரியை எழுத்துக் கூட்டிப் படித்தார். "கழிப்பறையும் வர்க்கப் போராட்டமும்: ஒரு வரலாற்றுப் பின்னணி."

பிறகு ஒரு விரலால் சுவிட்சை மேலே தள்ளினார். டிக்.

விளக்கு எரிந்தது. ஹாரன் அடித்தது. முள் உச்சத்துக்குப் போய் நின்றது.

மானேஜர் என் கையிலிருந்த வருத்தக் கடிதத்தை மட்டும் பார்த்தார். நான் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். வென்றதைத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

மணி பத்து ஐம்பது. எழுந்தேன்.

"எங்க சார் போறீங்கோ?" என்றார் நாகராஜ்.

"அடுகோடி. அவசரம்."

"உங்க வண்டி ஓடிச்சு. எங்க பார்க்கிங்கு?"

"நெழலு?" என்றார் இளநீர்க்காரர்.

"தண்ணி?" என்றார் அந்த அம்மாள்.

"லீடரே எழுந்துட்டா எப்டி சார்? ஒக்காருங்க!"

உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வது? எல்லாக் கோரிக்கையும் நிறைவேறும் வரை ஒருவரும் எழக்கூடாது என்று அரை மணி நேரத்துக்கு முன்னால் சத்தியம் வாங்கியவன் நானேதான். இருபத்தைந்து நிமிடம் என் போராட்டத்துக்கு எதிராகவே நான் பேச்சுவார்த்தை நடத்தினேன். கடைசியில் தலைமைப் பொறுப்பை இளநீர்க்காரரிடம் ஒப்படைத்து, கத்தியைத் தொடக் கூடாது என்று தீர்மானம் போட்டுவிட்டு நழுவினேன்.

இருபத்தைந்து வேகத்தில் அடுகோடி எவ்வளவு தூரம் தெரியுமா? ஒவ்வொரு சிக்னலிலும் அந்த ஒன்பது முகங்களை நினைத்தேன். என் பிடிவாதத்தால் ஒன்பது பேருக்கு வேலை போகப் போகிறது. ஹோசூர் சாலை லாரிப் புகையில் கண் எரிந்தது. புகை மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன்.

போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு ஐந்து.

கம்பெனி வாசலில் யாரும் இல்லை. முடிந்தது என்று நினைத்தேன். உள்ளேயிருந்து தையல் மெஷின் சத்தம் வந்தது. புது ஆட்கள்! அதற்குள்ளாகவே!

எட்டிப் பார்த்தேன். அதே ஒன்பது பேர்.

என்னை அழைத்திருந்த செல்வி எழுந்து வந்தாள். "வாங்கய்யா! வந்துட்டீங்களா? டீ சாப்புடுறீங்களா?"

"பேச்சுவார்த்தை என்னம்மா ஆச்சு?"

"முடிஞ்சிருச்சுங்கய்யா. பூட்ட எடுத்துட்டாங்க. உள்பக்கம் தாப்பாளும் வச்சுத் தர்றாங்க."

"கோரிக்கை மனு குடுத்தீங்களா?"

"இல்லைங்க."

"வரலாற்றுப் பின்னணி? அதையாவது எடுத்துச் சொன்னீங்களா?"

"அவசரத்துக்குப் போறவளுக்கு வரலாறு எதுக்குங்கய்யா?"

"அப்புறம் எப்படித்தான் ஒத்துக்கிட்டாரு?"

செல்வி மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். மெஷின்கள் நின்றன. ஒருத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"நீங்க பேச வர்றீங்கன்னு சொன்னோம். மொதலாளிக்கு உங்கள முன்னமே தெரியுமாமுங்கய்யா. பதினஞ்சு வருசத்துக்கு முன்னால வேற ஒரு கம்பெனில இருந்தாராம். அங்க நீங்க பேச வந்தீங்களாம். காலைல ஆரம்பிச்சது, விளக்கு வச்சும் முடியலையாம். பதினொன்னு அடிச்சதும் அவரே எழுந்து வந்து, 'அந்த ஆளு வந்து சேர்றதுக்குள்ள முடிச்சுக்கலாம் வாங்கம்மா'ன்னு சொல்லி, சாவியக் கையில குடுத்துட்டாரு."

முப்பத்தெட்டு வருடத்தில் நான் ஈட்டிய முழு வெற்றி அது ஒன்றுதான். அதற்கு நான் செய்த பங்களிப்பு, நேரத்துக்குப் போகாதது.