வெர்லினின் கவைக்குச்சியும் இரண்டு தொப்பிகளும்

மனிதகுலம் கண்டுபிடித்த கருவிகளிலேயே உயர்ந்தது பீச் மரத்துக் கவைக்குச்சி. தொலைநோக்கி நட்சத்திரத்தைக் காட்டும், நுண்ணோக்கி கிருமியைக் காட்டும். பதினெட்டு வயதுப் பிள்ளையை ராணுவ அகாடமிக்கு அனுப்புவதா, சாதாரணக் கல்லூரிக்கு அனுப்புவதா என்று இரண்டும் சொல்லாது. குச்சி சொல்லும்.

இது என் கருத்தல்ல. நெப்ராஸ்காவில் எங்கள் ஊர்க்காரரான வெர்லின் புரஹாஸ்கா, விதைச்சோளக் கம்பெனித் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு சொன்ன கருத்து. கூடவே ஒரு தத்துவமும் சொன்னார்: கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்குகிறவன், விளம்பரப் புத்தகம் புரட்டுகிறவன், பள்ளி ஆலோசகர் அறையில் போய்க் கேள்வி கேட்கிறவன், இவர்களெல்லாம் வரம் இல்லாத பிறவிகள்.

வெர்லின் முதலில் நீரோட்டம் பார்த்தார். முப்பது ஆண்டுகளில் அவர் குறித்துக் கொடுத்த இடத்தில் தண்ணீர் வராமல் போனதே இல்லை. எங்கள் மாவட்டத்துக்கு அடியில் ஒரு கடலே படுத்திருக்கிறது என்பதையும், கொடிக்கம்பத்துக்குக் குழி தோண்டினாலே கால் நனையும் என்பதையும் இங்கே சொன்னால் பெரியவரின் மனம் புண்படும். சொல்லவில்லை. பிறகு கிணறு போடுவதற்கு அரசாங்கம் கட்டுப்பாடு கொண்டுவந்தது. தண்ணீருக்கு உரிமம் வேண்டும், தலைவிதிக்கு வேண்டாம். வெர்லின் துறை மாறினார்.

ஏப்ரல் மாதச் சனிக்கிழமைகளில் அவருடைய டிராக்டர் கொட்டகை முன்னால் பிக்கப் வண்டிகள் நெடுஞ்சாலை வரை நிற்கும். இடம் கொடுத்த கல்லூரிகளுக்கு மே ஒன்றாம் தேதிக்குள் பிள்ளைகள் பதில் எழுதியாக வேண்டுமே. உள்ளே மேசைமேல் இரண்டு தொப்பிகள். ஒன்று அகாடமி மாணவர்களின் வெள்ளைத் தொப்பி. இன்னொன்று பட்டமளிப்பு விழாவின் கறுப்புச் சதுரத் தொப்பி. பிள்ளை நாற்காலியில் உட்காரும். வெர்லின் கண்ணை மூடி, குச்சியை ஏந்தி, மேசையைச் சுற்றி வருவார். ஒரு தொப்பிக்கு மேலே குச்சி 'விசுக்'கென்று தலை கவிழும். தீர்ந்தது வழக்கு. தலைக்கு அறுபது டாலர். அகாடமியின் உடல் பரிசோதனையில் தேறுவதற்குச் செம்புக் காப்பு தனி.

வரிசையில் நிற்பவர்களுக்கு அவர் மனைவி டார்லீன் காபி கொடுப்பார். காபி இலவசம். "பையன் தூரமாப் போறது உனக்குக் கஷ்டமாத்தான் இருக்கும், இல்லையா கண்ணு?" என்று தாய்மாரைத் தட்டிக் கொடுப்பதும் இலவசம். காபிப் பாத்திரத்தை நிரப்ப அவர் உள்ளே போய் வந்த பிறகு, குச்சி அந்தத் தாய்க்குப் பிடித்த தொப்பியில் கவிழ்ந்தது முழுக்க முழுக்கத் தற்செயல்.

எல்லாம் பலித்ததா என்கிறீர்களா? நூற்றுக்கு நூறு. குச்சி கல்லூரி என்றது, பெற்றோர் கல்லூரியில் சேர்த்தார்கள், பிள்ளை கல்லூரியில் இருக்கிறது. மகனை ரயிலில் ஏற்றிவிட்டு, "உங்கள் பையன் இப்போது ரயிலில் இருக்கிறான்" என்று ஜோசியம் கேட்டு மெய்சிலிர்ப்பது போல.

என் சித்தப்பா டுவேன் சிமானெக்கும் மெய்சிலிர்த்தவர்களில் ஒருவர். அவர் மகள் அடீலுக்கு இரண்டு இடங்களில் இடம் கிடைத்திருந்தது. ஒன்று வீட்டிலிருந்து நாற்பது நிமிடத்தில் இருக்கும் மாநிலக் கல்லூரி. மற்றது ஆயிரம் மைலுக்கு அப்பால் கடற்படை அகாடமி. படிப்பு இலவசம், முடித்ததும் குறைந்தது ஐந்து ஆண்டு பணி. எங்கள் ஊரில் ஆகப் பெரிய நீர்நிலை மாட்டுத் தொட்டி. அங்கே பிறந்தவளுக்குக் கப்பல் எஞ்சின்மேல் ஆசை. இரண்டு இடத்துக்கும் போய்த் தங்கிப் பார்த்துவிட்டுத்தான் அகாடமி என்று முடிவு செய்திருந்தாள். சித்தப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. "எதுக்கும் வெர்லின்கிட்ட ஒரு வார்த்தை" என்றார். சனிக்கிழமை மூன்று பேரும் கொட்டகைக்குப் போனோம். வரிசையில் நின்றபடி அவர் டார்லீனின் காபியையும் இரண்டு கோப்பை குடித்தார்.

குச்சி கறுப்புத் தொப்பியில் கவிழ்ந்தது. சித்தப்பாவின் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்தபோது, அறுபது டாலருக்கு அது மலிவுதான் என்று எனக்கே தோன்றியது.

அடீல் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. "மிஸ்டர் புரஹாஸ்கா, ஒரு சந்தேகம். இந்தக் குச்சி அறுபது அடி மண்ணுக்குக் கீழ இருக்கிற தண்ணியைப் பாக்கும்னு சொல்வீங்க இல்ல?"

"நூறு அடியும் பாக்கும்மா."

"அப்ப ஒரு ஐஸ்கிரீம் வாளி அதுக்குப் பெரிய விஷயமில்ல."

கொட்டகையில் சிரிப்பு எழுந்தது. வெர்லினும் சிரித்தார். அங்கேதான் தவறு செய்தார். காலி ஐஸ்கிரீம் வாளி இல்லாத கொட்டகை எங்கள் மாவட்டத்தில் கிடையாது. ஒரே மாதிரி இரண்டு வாளிகள் வந்தன. அடீல் கேட்டது இவ்வளவுதான்: கொட்டகை மூலையில் தொங்கிய தார்ப்பாய்க்குப் பின்னால், கூட வந்திருந்த நான் தொப்பிகளை வாளிகளுக்கு அடியில் மாற்றி மாற்றி வைப்பேன். பிறகு மேசையை வெளியே தள்ளிவிட்டு நான் அங்கேயே நின்றுகொள்வேன். எதில் எது என்று கொட்டகையில் வேறு யாருக்கும் தெரியாது. அவளுக்கு இருப்பது ஒரே தலைவிதிதான். எத்தனை முறை பார்த்தாலும் குச்சி அதே தொப்பியைத்தானே காட்ட வேண்டும்?

மறுக்க வழியில்லை. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் காபியோடு உள்ளே வந்துவிட்டார்கள்.

முதல் முறை வாளியைத் தூக்கினார்கள். கறுப்புத் தொப்பி. கைதட்டல். வெர்லின் லேசாகக் குனிந்து வணங்கினார். இரண்டாம் முறை தூக்கினார்கள். வெள்ளைத் தொப்பி. யாரோ இருமினார். மூன்றாம் முறையும் வெள்ளை. அடீல் இப்போது பட்டப்படிப்பைக் கைவிட்டுக் கடற்படையில் சேர்ந்து பதவி உயர்வும் பெற்றிருந்தாள்.

வெர்லின் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிளாஸ்டிக் மனிதன் செய்த பொருள், ஓட்டத்தைத் தடுக்கிறது என்றார். நியாயமான பேச்சு. நூறு அடி பாறையைத் துளைக்கும் பார்வைக்கு வெனிலா ஐஸ்கிரீம் வாளி தாங்க முடியாத கனம். இரண்டு பருத்திச் சாக்குகள் வந்தன. குச்சி மறுபடி கல்லூரிக்குத் திரும்பியது. அதற்கடுத்த முறை கப்பல் ஏறியது. பின்வரிசையில் ஒரு தாய் கையிலிருந்த காபியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டார்.

கடைசி முறை நான் கொஞ்சம் வேலை செய்தேன். மேசையைத் தள்ளினேன். வெர்லின் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நடந்தார். இடப்பக்கச் சாக்குக்கு மேலே குச்சி துள்ளியது, முறுக்கியது, கையைவிட்டுப் பிடுங்கிக்கொள்வது போலக் கவிழ்ந்தது. "இதுதான்" என்றார் அவர். "என் வாழ்நாள்ல இவ்வளவு இழுப்பு நான் பாத்ததில்ல."

அடீல் சாக்கைத் தூக்கினாள். ஒன்றும் இல்லை. அடுத்த சாக்கையும் தூக்கினாள். அங்கேயும் மேசைதான் இருந்தது.

நான் தார்ப்பாய்க்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன். தலையில் வெள்ளைத் தொப்பி, அதன்மேல் கறுப்புத் தொப்பி.

யாரும் கத்தவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் அவமானத்தைச் சத்தம் போட்டு அனுபவிப்பதில்லை. ஒருவர் டார்லீனிடம் போய், "வரிசைல நிக்கும்போதே வாங்கின அறுபதைத் திருப்பிக் குடுத்துரும்மா" என்றார், சர்க்கரை கேட்கிற குரலில். அவருக்குப் பின்னால் ஒரு புதிய வரிசை உருவானது. அன்றைய வரிசைகளில் அறிவோடு நின்றது அது ஒன்றுதான்.

அடீல் தன் அப்பாவிடம் வந்தாள். "குச்சியைக் கேட்டாச்சுப்பா. இப்ப நீங்க சொல்லுங்க."

சித்தப்பா தரையில் சிந்தியிருந்த டீசல் கறையை பூட்ஸ் நுனியால் தேய்த்தார். "ஐஞ்சு வருஷம் உன்னை எங்க அனுப்புவாங்கன்னு யாருக்குத் தெரியும். எனக்குப் பயமா இருக்கு. அவ்வளவுதான்."

"எனக்கும்தான் இருக்கு."

"பின்ன ஏன் போற?"

"பயத்தை ஒரு பக்கமும் ஆசையை ஒரு பக்கமும் வச்சுப் பாத்தேன். அங்க படிக்கிறவங்ககிட்ட எது கஷ்டம்னு கேட்டேன். நீங்க என்கிட்ட ஒண்ணுமே கேக்கலையேப்பா. ஒரு மரக்கிளைகிட்ட கேட்டீங்க."

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சித்தப்பா கேட்டார். எங்கே தூங்குவாய், கப்பலில் தீப்பிடித்தால் என்ன செய்வார்கள், கிறிஸ்துமஸுக்கு விடுவார்களா. தெரிந்ததற்கு அவள் பதில் சொன்னாள், தெரியாததைத் தெரியாது என்றாள். வெர்லின் ஒருநாளும் சொல்லாத வார்த்தை அது. திங்கட்கிழமை அகாடமிக்குச் சம்மதம் போனது.

அடுத்த வாரம் மதிப்பெண் சான்றிதழ் வாங்க அடீலோடு பள்ளிக்குப் போனேன். ஆலோசகர் மிஸஸ் ஹோல்ஸ்டுடைய அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே சின்ன நாற்காலியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார் வெர்லின். பக்கத்தில் பதினோராம் வகுப்புப் படிக்கும் அவருடைய கடைசி மகன் ப்ரைஸ். குரலை மிகவும் தாழ்த்திப் பேசினார். "கண்ணாடி போட்ட பையனை அகாடமில எடுப்பாங்களாம்மா? பிடிக்கலைன்னா நடுவுல விட்டுட்டு வரலாமா? கல்லூரின்னா விடுதிச் செலவு எவ்வளவு ஆகும்?"

நல்ல கேள்விகள். ஊரார் பிள்ளைக்குக் குச்சி, தன் பிள்ளைக்குக் கேள்வி. தன் சரக்கைத் தன் வீட்டு அடுப்பில் ஏற்றாத கடைக்காரரிடம் வாங்குவதற்கு முன்னால், தொப்பி மாட்டுவதற்கு மட்டும்தானா தலை என்று ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள்.

மிஸஸ் ஹோல்ஸ்ட் இரண்டு விளம்பரப் புத்தகங்களை எடுத்து நீட்டினார். வெர்லின் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கட்டைவிரலை எச்சிலில் தொட்டு, முதல் பக்கத்தைப் புரட்டினார்.