புரிந்துகொள்ளும் அப்பாவும் பதினேழு கேள்விகளும்

திட்டும் அப்பா, முறைக்கும் அப்பா, செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் அப்பா எல்லாரையும் உங்களுக்குத் தெரியும். இன்று நான் அறிமுகப்படுத்தப்போவது புது ரகம்: புரிந்துகொள்ளும் அப்பா. வீட்டில் பதின்மூன்று வயதைத் தாண்டிய பிள்ளையும், கையில் ஆரோக்கிய உணவைப் பற்றிய ஒரு கட்டுரையும் ஒரே சமயத்தில் இருந்தால் போதும், இவர் உருவாகிவிடுவார்.

எப்படி அடையாளம் காண்பது? "நான் திட்ட மாட்டேன், புரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்" என்று தொடங்குவார். அடுத்த முக்கால் மணி நேரம் அவரே பேசுவார். பிள்ளை சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தால் பிடுங்க மாட்டார். அதெல்லாம் பழைய அப்பாக்கள் செய்வது. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பாக்கெட்டின் முதுகில் உள்ள பொடி எழுத்தை உப்பு, எண்ணெய், நிறமூட்டி என்று ஒன்று விடாமல் உரக்கப் படித்து, "சரி, சாப்பிடு. முடிவு உன்னோடது" என்று பெருந்தன்மையோடு திருப்பித் தருவார். அதற்குப் பிறகு யாருக்குத் தொண்டையில் இறங்கும்? அவருடைய அலுவலக மேசை இழுப்பறையில் எத்தனை கிரீம் பிஸ்கட் பாக்கெட்டுகள் இருக்கின்றன என்று நான் சொல்ல மாட்டேன். குடும்ப மானம்.

ஆமாம், குடும்பம்தான். நான் பார்த்தவர்களில் முதல் தரமானவர் என் அத்தான், அதாவது அக்காவின் கணவர். லிஃப்டுகளைச் சோதித்துச் சான்றிதழ் தருவது அவர் உத்தியோகம். கதவு சரியா, கம்பி சரியா, மணி அடிக்கிறதா என்று வருஷக்கணக்காக டிக் போட்டதில், தாளில் அடங்காத எதையும் அவர் நம்புவதில்லை. போன மாதம், பத்தாவது படிக்கும் மகளின் சாப்பாட்டுப் பழக்கத்தைப் புரிந்துகொள்ளப் பதினேழு கேள்விகள் தயாரித்தார். "காய்கறி என்றதும் உன் மனதில் எழும் உணர்வு யாது? அ) மகிழ்ச்சி ஆ) நன்றி இ) இரண்டும்." மிச்சம் பதினாறையும் நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அவள் கெட்டிக்காரி. ஐந்தே நிமிடத்தில் டிக் போட்டுக் கொடுத்துவிட்டாள். கீரை பிடிக்கும், குளிர்பானம் பிடிக்காது, பழம் தினமும் இரண்டு. அத்தான் பூரித்துப்போனார். தாளை அலுவலகத்துக்கு எடுத்துப் போய் டீ நேரத்தில் காட்டி, "பசங்ககிட்ட பேசினா மனசைத் திறப்பாங்க சார்" என்று உபதேசமும் செய்தார். அக்கா மட்டும் ஒரு நாள், "அவ இளைச்ச மாதிரி இருக்காளே, கவனிச்சீங்களா?" என்றாள்.

"ஒன்பதாவது பதிலைப் பாரு. நல்லா சாப்பிடறேன்னு அவளே டிக் போட்டிருக்கா" என்றார் அத்தான்.

அடுத்த வாரம் பள்ளியிலிருந்து தொலைபேசி வந்தது. மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தவள் மயங்கி விழுந்துவிட்டாளாம். அத்தானோடு நானும் ஓடினேன். மருத்துவ அறைக் கட்டிலில் அவள் வெளிறிப்போய்ப் படுத்திருந்தாள். மூன்று வாரமாக மதியம் சாப்பிடுவதில்லை என்று நர்ஸிடம் ஒப்புக்கொண்டிருக்கிறாள். டப்பா மட்டும் தினமும் காலியாகத்தான் வீடு திரும்பியது. பள்ளி வாசலில் ஒரு நாய் உண்டு. அந்தத் தெருவிலேயே சத்தான உணவை வேளை தவறாமல் சாப்பிட்ட ஒரே ஜீவன் அதுதான்.

அத்தான் குனிந்து அவள் காலணி நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார். நான்தான் கேட்டேன்.

"ஏம்மா, சாப்பாடு பிடிக்கலையா?"

"சாப்பாடு நல்லாத்தான் இருக்கு மாமா." சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். "அப்பா டப்பாவுக்குள்ள ஒவ்வொண்ணுக்கும் சீட்டு ஒட்டி அனுப்பறார். இதுல இவ்வளவு புரதம், இதுல இவ்வளவு நார்ச்சத்துன்னு. கீழ தேதி, கையெழுத்து வேற. தொறந்தா மொத்த பெஞ்சும் சத்தமா படிச்சுச் சிரிக்குது. அதான் வகுப்புல தொறக்கறதே இல்ல."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேடா கண்ணு" என்றார் அத்தான்.

"எப்பப்பா சொல்றது? நீங்கதான் கேட்டுக்கிட்டே இருந்தீங்களே."

அத்தான் திருந்திவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். சீட்டு ஒட்டுவதை அன்றே நிறுத்திவிட்டார், அது உண்மை. அவளும் இப்போது நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை அவர் மேசையில் புதுத் தாள் ஒன்றைப் பார்த்தேன். தலைப்பு: "பிள்ளைகள் ஏன் மனம் திறப்பதில்லை?" கேள்விகள் இருபத்திரண்டு.

நீங்கள் சிரிக்கிறீர்கள். இப்படி ஒருவரை உங்களுக்கும் தெரியும், அவரிடம் இதைக் காட்ட வேண்டும் என்றுகூட நினைத்திருப்பீர்கள். தாராளமாகக் காட்டுங்கள். அதற்கு முன்னால் ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்: உங்கள் வீட்டுப் பிள்ளை இன்று மதியம் என்ன சாப்பிட்டது? நீங்கள் கொடுத்தனுப்பியதை நான் கேட்கவில்லை.