மூக்கு கேப்டன் நேராகப் போனார்

கிளம்பிய பிறகு எதற்காகவும் திரும்பாத மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் பக்கத்து வீட்டு மூக்கு கேப்டன். குடையை மறந்தால் நனைந்துகொண்டே போவார். ஒரு காலில் ஷூவும் மறு காலில் செருப்புமாகக் கிருஷ்ணகிரி கடைத்தெரு முழுக்க நடந்தவர்.

மாந்தோப்புகளுக்கு மேலிருந்து மருந்து தெளிக்க ஒரு கம்பெனி சின்ன விமானம் கொண்டுவந்திருந்தது. அதை ஓட்டுபவர் அவர். தோப்புகளை வரைபடத்தில் குறிப்பது என் வீட்டுக்காரரின் வேலை.

ஒரு காலை எங்கள் வீட்டில் இட்லித் தட்டையே விமானமாக்கி உயர்த்தினார்.

"இப்பத்தான் ஏறிக்கிட்டிருக்கோம். இன்ஜின் நின்னுபோச்சு. என்ன பண்ணுவீங்கம்மா?"

"திரும்பி வந்து இறங்கிடுவேன் சார்."

"திரும்புங்க." தட்டு சாய்ந்தது. சட்னி முழுவதும் தரையில். "செத்தீங்க! உயரமும் இல்ல, வேகமும் இல்ல. மூக்கை இறக்கணும். எதிர்ல எது இருக்கோ அதுல எறங்கணும்."

பாப்பாவுக்குச் சளி பிடித்து நான் கையைப் பிசைந்தபோதும் இதே மருந்துதான்: "மூக்கை இறக்குங்கம்மா, பதறாதீங்க." அப்படித்தான் அந்தப் பெயர் வந்தது.

அவருடைய சைக்கிளுக்கும் அதே சட்டம். இறக்கத்தில் செயின் கழன்றது. நேராகப் போய்த் தக்காளிக் கூடையில் இறங்கினார்.

"ஏமய்யா, கண்ணு கனபடதா? தக்காளி மேலயா வந்து எறங்குவ?" என்று கூடைக்காரம்மா தெலுங்கும் தமிழுமாகக் கத்தினார்.

"திரும்பியிருந்தா உன் மேலயே விழுந்திருப்பேன், தாயி."

மாம்பூ பூத்த மாதம். தோப்புகளை மேலிருந்து பார்க்க என் வீட்டுக்காரரும் ஏற வேண்டிவந்தது. போகவிடலாமா, தடுக்கலாமா என்று மூன்று நாள் குழம்பினேன். கடைசியில் விமானத்தின் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அது ஓடிக் கிளம்பும் மேய்ச்சல் நிலத்து ஓரத்தில் நின்றேன்.

"போறேம்மா" என்றார் கேப்டன்.

"ஐயோ சார், போயிட்டு வரேன்னு சொல்லுங்க!"

"கிளம்பறப்பவே வர்றதை நினைச்சா, இன்ஜின் நின்னா கை தானா திரும்பிடும்மா."

சொல்லாமலே போனார். பனி விலகாத வெளுப்பில் விமானம் எழுந்தது. புளியமர உயரம் தாண்டியிருக்கும். சத்தம் இருமியது, நின்றது. ஊரே காதை மூடிக்கொண்டதுபோல் அமைதி. மாம்பூ வாசம் மட்டும் வந்தது. நூல் அறுந்த காத்தாடி போல விமானம் அந்தரத்தில் மிதந்தது.

"திரும்பி வாங்க! திரும்பி வாங்க!" என்று கத்தினேன். சட்னி சிந்திய பாடமெல்லாம் எங்கே போனதோ!

விமானம் திரும்பவில்லை. மூக்கைத் தாழ்த்தியது. விழுகிறது என்றே நினைத்தேன். ஆனால் அது சறுக்குவதுபோல நேராகப் போய், வேலிக்கு அப்பால், அறுத்துக் கிடந்த கேழ்வரகுக் கொல்லையில் இரண்டு முறை குதித்து, புழுதிக்குள் மறைந்தது.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. புழுதியிலிருந்து முதலில் வந்தவர் என் வீட்டுக்காரர், கண்ணாடி இல்லாமல், தலை நிறைய மண்ணோடு. "நானும் திரும்புங்கன்னு அவர் கையைப் பிடிச்சு இழுத்தேன். தட்டிவிட்டுட்டார்" என்றார்.

பின்னால் கேப்டன் வந்தார். "ஒரு சக்கரம் போச்சும்மா. உங்க வீட்டுக்காரர் முழுசா இருக்கார், சரிபார்த்துக்கங்க."

தண்ணீர் கேட்டார். பாப்பாவின் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்தார். அப்படியும் பாதித் தண்ணீர் சட்டையில்தான்.

அதன்பின் தெருவில் அந்தக் கதையை அவர் எத்தனை முறை சொன்னாரோ! ஒவ்வொரு முறையும் காபி குடிப்பதுபோல நிதானமாகத்தான் விமானத்தை இறக்கினார். நானும் பக்கத்தில் நின்று ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். அந்த டம்ளரைப் பற்றி மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. படித்துவிட்ட நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.