சாக்கடை மேல் எங்கள் வீட்டுத் துவைக்கிற கல்

அன்று காலை தெருமுனைச் சாக்கடை ஓரத்தில் நின்றவர்கள்: நான், என் மனைவி செல்வி, எதிர்வீட்டு லோடு ஆட்டோக்காரர் சுடலைமுத்து, நகராட்சி ஆபீசிலிருந்து செல்போனும் கையுமாக வந்த ஒருவர். அப்புறம் எங்கள் வீட்டுத் துவைக்கிற கல். (அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். வழக்கே அதன் மேல்தான்.)

சங்கரன்கோவிலில் எங்கள் தெருமுனைச் சாக்கடை மூடி உடைந்து, ஓர் ஆள் இறங்கும் அளவுக்கு ஓட்டை. என் மகள் சைக்கிளில் அதைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போக வேண்டும். நான் ஆறாவதோடு படிப்பை நிறுத்தியவன். கவலைப்படுவதில் மட்டும் பெரிய படிப்பு படித்தவன். மனு எழுதிக்கொண்டு போனேன்.

"இப்பம் பேப்பர் வாங்கதில்ல அண்ணாச்சி. செல்லுல போட்டோ எடுத்துப் போடுங்க" என்று திருப்பி அனுப்பினார்கள்.

நாலு நாள் தடவித் தடவிப் பழகி அனுப்பினேன். 'புகார் பெறப்பட்டது' என்று வந்தது. பெற்றுக்கொண்டு என்ன செய்தார்கள்? ஒன்றும் செய்யவில்லை.

அதற்குள் வானம் கறுத்துவிட்டது. தண்ணீர் நிறைந்தால் ஓட்டை தெரியாதே! சுடலைமுத்துவைக் கூப்பிட்டு, புறவாசலில் கிடந்த கல்லைப் பெயர்த்து வண்டியில் ஏற்றி, ஓட்டை மேல் போட்டுவிட்டேன்.

"ஏங்க, துணிய எதுல துவைக்க? உங்க முதுகுலயா?" என்றாள் செல்வி.

"ரெண்டே நாளைக்குத்தான்" என்றேன். (இந்த வாயை என்ன செய்யலாம்?)

மறுநாள் காலை அந்த ஆபீஸ்காரர் வந்தார். கல்லைப் படம் பிடித்தார். உடனே என் செல்லில் 'தங்கள் புகார் சரிசெய்யப்பட்டது.'

"சார், அது எங்க வீட்டுக் கல்லு!"

"நல்ல கனமான கல்லு அண்ணாச்சி. ஓட்டை தெரியலல்லா?"

"அப்பம் நான் எடுத்துட்டுப் போயிருதேன்."

"தாராளமா. பொறவு யாரும் விழுந்தா? புகார் உங்க நம்பர்ல இருக்கு, பாத்துக்கிடுங்க."

கல்லைப் பிடித்திருந்த கை தானாக விலகியது.

சுடலைமுத்து விழுந்து விழுந்து சிரித்தார். "வே, நீரே புகார் குடுத்து நீரே சரி பண்ணிட்டீரு. உமக்கு ஆபீசுல ஒரு நாற்காலி போடச் சொல்லும்!"

யார் போட்ட கல் என்று ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? செல்லில் புகார் போடும் இடத்தில் ரோட்டுக்கு ஒரு கட்டம் இருக்கிறது, தெருவிளக்குக்கு இருக்கிறது, நாய்க்குக்கூட இருக்கிறது. அடுத்தவன் வீட்டுக் கல்லுக்கு மட்டும் இல்லை. 'இதர' என்பதில் போட்டேன். போட்டோ கேட்டது. கல்லைப் படம் எடுத்து அனுப்பினேன். 'ஏற்கெனவே சரிசெய்யப்பட்டது' என்று பதில் வந்தது!

வருடம் இரண்டாகிறது. மகள் தினமும் அந்தக் கல் மேல் சைக்கிளை ஏற்றிப் பத்திரமாகப் போய் வருகிறாள். அதை நான் மறுக்கவில்லை. வீட்டில் குழாய் ஒழுகினாலும் மின்விசிறி நின்றாலும் செல்வி சொல்லும் வார்த்தை ஒன்றுதான்: "ஆபீஸ்காரர் வந்து போட்டோ எடுக்க முன்ன நீங்க தொட்டுராதீங்க."

புதுக் கல் ஆயிரத்து எண்ணூறு. வண்டி வாடகை இருநூறு. ஆபீஸ் எனக்குத் தரவேண்டிய பாக்கி, ரூபாய் இரண்டாயிரம்.